கணிதம் மீட்ட யாழ்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலத்திலே, கல்லடி உப்போடை என்னும் இடத்தில், சிவானந்த வித்தியாலயத்தின் வளவினுள் ஒரு சமாதி உண்டு. யூலைத் திங்கள் 19ஆம் நாள் வருந்தோறும் மாணவரும் ஆசிரியரும் அங்கே மலர் தூவி வணங்குவர். முத்தமிழ் வித்தகர் என்றும், துறவியருள் தலையாயவர் என்றும், ஈழம் ஈன்ற புலவர் என்றும் சுவாமி விபுலாநந்தரை அவர்கள் போற்றுவர். அப்புகழுரைகள் யாவும் பொருந்துவனவே. ஆயினும், கேத்திரகணிதம் கற்பிக்கும் ஆசிரியனாகிய எனக்கு ஆண்டுதோறும் ஒரு குறை தோன்றும். அடிகளார் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். பள்ளி வகுப்பறைகளில் விஞ்ஞானம் கற்பித்தவர். வட்டத்தையும் பின்னத்தையும் கருவியாகக் கொண்டு, மறைந்துபோன யாழைத் தமிழுக்குத் திரும்பக் கொணர்ந்தவர். இம்முகத்தை நாம் மறந்துவிட்டோமோ என்பதே அக்குறை.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் காரைதீவிலே பிறந்தார். இன்று அம்பாறை மாவட்டத்தில் அடங்கும் அவ்வூர், அந்நாளில் மட்டக்களப்பைச் சேர்ந்திருந்தது. தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். காரைதீவின் கண்ணகை அம்மன் கோயிலை அறியாதார் கீழ்மாகாணத்தில் இலர். வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரையைப் பாடக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்குச் சிலப்பதிகாரக் கதை ஏட்டில் உறங்கும் கதையன்று. அது தம் ஊர்த் தெய்வத்தின் கதை. பிற்காலத்தில் அக்காப்பியத்தின் ஒரு காதைக்கு பல்லாண்டு உழைப்பைக் கொடுத்தவர், அதன் தலைவியைத் தெய்வமாகத் தொழும் ஊரிலே பிறந்தார் என்பதை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

தொடக்கக் கல்வியைக் குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் பெற்ற மயில்வாகனனார், கல்முனை மெதடிசுத பாடசாலையிலும், பின்னர் இயேசு சபைத் துறவியர் நடத்திய மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்றார். 1908இல், பதினாறாம் வயதில், கேம்பிரிட்சு சீனியர் தேர்வில் வெற்றி பெற்றார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி முடித்து, தாம் கற்ற மைக்கேல் கல்லூரிக்கே ஆசிரியராக மீண்டார். 1915இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, மறு ஆண்டிலேயே விஞ்ஞானத்தில் டிப்ளோமாத் தகுதி பெற்றார். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. ஓராண்டுக்குள் அமைந்த இவ்விரு தேர்ச்சிகளை வரலாற்றெழுத்தாளர் பலர் ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுவர். எனக்கோ அவர் வாழ்வின் திறவுகோல் அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆய்வுகூடம் ஒரு கையிலும் இலக்கணம் மறுகையிலுமாக அவர் நின்றார். ஒன்றைப் பற்றுவதற்காக மற்றொன்றை விட்டாரல்லர்.

1917இல் யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். பதவியும் மதிப்பும் வளர்ந்துவந்த வேளையில், 1922இல், அவற்றைத் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயருடன் இருந்தவர், 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவுபெற்று விபுலாநந்தர் ஆனார். மறு ஆண்டு இலங்கை திரும்பி, மிஷன் பாடசாலைகளைப் பேணும் பணியை ஏற்றார். 1929இல் கல்லடி உப்போடையில் தம் குருநாதரின் பெயரால் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. வீடு துறந்தவர் வகுப்பறையைத் துறக்கவில்லை.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக 1938இல் கலைச்சொற்கள் நூலாக வெளிவந்தன. கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழிலேயே வாய்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆரை, பரிதி, நாண் என்று இன்று நான் வெண்கட்டியால் எழுதும்போது, அத்தகைய சொற்களுக்காக உழைத்த தலைமுறையின் முன்னணியில் அவர் நின்றார் என்பதை நினைத்துக்கொள்வேன். இமயச் சாரலின் மாயாவதியிலிருந்து பிரபுத்த பாரதத்தின் ஆசிரியராக இருந்ததும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானதும் அதற்குப் பின் நிகழ்ந்தவை. இவற்றுக்கெல்லாம் அடியில், பத்தாண்டுக்கு மேலாக, ஒரு தனி உழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதுவே யாழ் ஆராய்ச்சி.

அவ்வாராய்ச்சியின் அருமையை உணர வேண்டுமாயின், சிக்கல் யாதென முதலில் அறிதல் வேண்டும். சங்கப் பாடல்களிலே பாணர் கையில் ஒலித்த யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் சென்றுவிட்டன. கையில் எடுத்துப் பார்க்கப் பழைய யாழொன்றும் எஞ்சவில்லை. எஞ்சியவை சொற்களே, குறிப்பாகச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் சில அடிகளும், அவற்றுக்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையுமே. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளை அவ்வுரை இராசி வீடுகளில் நிறுத்துகிறது. வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை, ஆயப்பாலை என்று பாலையை வகுக்கிறது. பெயரளவிலே பார்த்தால் கேத்திரகணித வகுப்பறைக்குள் நுழைந்தது போலவே இருக்கும். இலக்கணம் மட்டும் கற்றவருக்கு இவை சோதிடமாகத் தோன்றின. இசை மட்டும் கற்றவருக்குப் பழஞ்சொற்களாகத் தோன்றின. இரண்டையும் அறிந்து, அவற்றோடு ஒலியின் இயல்பை எண்ணாற் கணிக்கவும் வல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

அடிகளாரின் யாழ் நூல் ஏழு இயல்களாக அமைந்தது: பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல். இவற்றுள் பாலைத்திரிபியலே என்னைப் பலகாலம் மருட்டியது. மாணவப் பருவத்தில் அதனை எடுத்துச் சில பக்கங்களோடு மூடிவைத்தேன். ஆசிரியனான பின்னரும் மூடியே வைத்திருந்தேன். என் கற்பித்தலும் அத்தன்மையதாகவே இருந்தது. தேற்றத்தை எழுதுவித்தேன், நிறுவலை மனனஞ் செய்வித்தேன், கவராயத்தைப் பரீட்சைக்கு முதல்நாள் வரை பெட்டியை விட்டு எடுக்கவிடவில்லை. பிள்ளைகள் புள்ளி பெற்றனர். வட்டமொன்றை விரும்பி வரைந்த பிள்ளையை நான் காணவில்லை. இக்குறை என்னுடையதே.

ஒரு விடுமுறையில், படிப்பதை நிறுத்தி வரையத் தொடங்கினேன். அன்றுதான் அந்நூல் எனக்குத் திறந்தது. வாசகரும் ஒரு தாளும் கவராயமும் எடுத்துக்கொண்டால், நான் சொல்வதைத் தாமே காணலாம்.

ஒரு வட்டம் வரைக. அதன் ஆரையை மாற்றாமலே பரிதியைச் சுற்றி வெட்டிச் சென்றால் ஆறு புள்ளிகள் கிடைக்கும். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு வில்லையும் இருகூறாக்கினால் பன்னிரண்டு. இவையே மேடம் முதல் மீனம் ஈறான பன்னிரு வீடுகள். உரை சொல்லும் முறைப்படி துலாத்திற் குரலையும், தனுவில் துத்தத்தையும், கும்பத்திற் கைக்கிளையையும், மீனத்தில் உழையையும், இடபத்தில் இளியையும், கடகத்தில் விளரியையும், சிங்கத்தில் தாரத்தையும் குறிக்க. குரலிலிருந்து எண்ணினால், நரம்புகளுக்கிடையே உள்ள தூரங்கள் முறையே 2, 2, 1, 2, 2, 1, 2 வீடுகளாக அமையும். கூட்டினால் 12, வட்டம் முற்றுப்பெறும். இது செம்பாலை.

இனி, மட்டையில் அதே அளவான மற்றொரு வட்டத்தை வெட்டி, ஏழு நரம்புகளின் இடங்களை அதில் அடையாளமிட்டு, நடுவில் ஓர் ஊசி குத்தி முதல் வட்டத்தின்மேற் பொருத்துக. குரல் இருந்த இடத்துக்குத் துத்தம் வருமாறு மட்டையைச் சுழற்றுக. தூரங்கள் இப்பொழுது 2, 1, 2, 2, 1, 2, 2 என வரும். மட்டையில் ஒரு புள்ளியும் அசையவில்லை, உருவம் மாறவில்லை, தொடங்கும் இடமே மாறியது. ஆனாற் செவிக்கு அது வேறு பாலை: படுமலைப்பாலை. இவ்வாறே ஏழு நரம்பையும் முறையே தொடக்கமாகக் கொள்ளச் செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழும் பிறக்கும். செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்றும், படுமலை நடபைரவி என்றும், அரும்பாலை சங்கராபரணம் என்றும், கோடிப்பாலை கரகரப்பிரியா என்றும், விளரிப்பாலை தோடி என்றும், மேற்செம்பாலை கல்யாணி என்றும் இன்றைய ஆய்வாளர் பலர் கொள்வர். செவ்வழியில் மட்டும் தொடக்க நரம்புக்கு நிறைவான இளி கிட்டாது. ஏன் என்பதையும் மட்டையே காட்டிவிடும். சுழற்சி என்று பாடநூல் சொல்லும் உருமாற்றத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. பாலைத்திரிபு என்பதிலுள்ள திரிபு என்னும் சொல்லின் பொருளும் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இதனை வகுப்புக்குக் கொண்டுசென்றேன். ஒன்பதாந் தரத்துப் பிள்ளைகள். பலர் வாவியிலே வலை வீசும் குடும்பத்தினர். முதலில் வில்யாழைப் பற்றிச் சொன்னேன். பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி யாழ் செய்துகொண்டான் என்பதைக் கேட்டதும், பணமில்லாதவனும் செய்யக்கூடிய கருவி இது என்று அவர்களுக்குப் பட்டது. மரல் நாருக்குத் தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி வந்தது. குமிழங்கொம்புக்கு மூங்கிற் பிளாச்சு வந்தது. ஒலி பெருக்கத் தேங்காய்ச் சிரட்டை வந்தது. வில்லின் நாணும் வட்டத்தின் நாணும் ஒரே பெயர் பெற்ற காரணத்தை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பின்னர் ஒரு பலகையில் இரண்டு ஆணி அறைந்து, 72 சதமமீற்றர் நீளத்துக்குத் தங்கூசியை இறுக்கிக் கட்டினோம். அந்நீளத்தை மூன்று சமகூறாகப் பிரிக்க வேண்டும். அளவுகோலைப் படிக்கலாகாது என்பது விதி. சாய்வாக ஒரு கோடு வரைந்து, கவராயத்தால் மூன்று சமதுண்டு வெட்டி, இறுதிப் புள்ளியைத் தந்தியின் முனையோடு இணைத்து, மற்றப் புள்ளிகளினூடாகச் சமாந்தரக் கோடுகள் வரைந்தார்கள். வெறும் அமைப்பாக அதனைக் கற்பித்த ஆண்டுகளில் உறங்கிய வகுப்பு, அன்று எழுந்து நின்று பார்த்தது. தந்தியின் கீழ் ஒரு பென்சிலை வைத்து, 48 சதமமீற்றர் ஒலிக்கச் செய்தபோது இளி பிறந்தது. நான்கு கூறாக்கி 54இல் மீட்டியபோது உழை. சரிபாதியாகிய 36இல், மேற்குரல். கோடு சரியாக அமைந்ததா என்பதை என் சிவப்பு மை சொல்லவில்லை. பிள்ளைகளின் காதே சொல்லிற்று.

அடுத்து விண்மீன் வரைந்தோம். தாரத்தில் உழையும், உழையிற் குரலும், குரலில் இளியும், இளியில் துத்தமும், துத்தத்தில் விளரியும், விளரியிற் கைக்கிளையும் தோன்றும் என்பது பழைய மரபு. வட்டத்தில் அதனைக் கோடாக்கினால், ஒவ்வொரு முறையும் ஏழு வீடு நகர்வதைக் காணலாம். கைக்கிளையோடு நில்லாமல் மேலுஞ் சென்றால், பன்னிரு வீட்டையும் ஒருமுறை தொட்டுத் தொடங்கிய இடத்துக்கே கோடு மீளும். பன்னிருமுனை விண்மீன் ஒன்று தாளிலே எழும். மூன்று மூன்றாக நகர்ந்தாற் சதுரம். நான்கு நான்காக நகர்ந்தால் முக்கோணம். உரையிலுள்ள சதுரப்பாலையும் திரிகோணப்பாலையும் இவ்வுருக்களே என்று நான் துணிந்து சொல்லேன். பெயரொற்றுமை சான்றாகாது என்பதையும் பிள்ளைகள் கற்க வேண்டுமல்லவா?

அவ்வேளையில் ஒரு மாணவியின் விண்மீன் மூடவில்லை. கவராயத்தின் திருகு தளர்ந்து ஆரை சற்றே நழுவியிருந்தது. கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியைத் தப்பி, மயிரிழை அளவு அப்பாற் சென்றது. தான் தோற்றுவிட்டதாக எண்ணி அவள் தாளை அழிக்க முற்பட்டாள். நான் தடுத்தேன். தாளிலே அது பிழைதான். ஆனால் தந்தியிலே அதுவே உண்மை. இளிக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் அதிர்வு ஒன்றரை மடங்காகும். பன்னிரு முறை ஒன்றரையாற் பெருக்கினால் ஏறக்குறைய 129.75 வரும். மேற்குரலுக்கு ஏறும்போது அதிர்வு இரட்டிக்கும். ஏழு முறை இரட்டித்தால் 128. இரண்டும் ஒன்றாக வேண்டிய இடத்தில் ஒன்றாவதில்லை. கிரேக்கப் பித்தகோரசின் பெயரால் மேல்நாட்டார் வழங்கும் இச்சிறு இடைவெளியே, உலகத்து இசைவாணரையெல்லாம் வருத்திய கணக்கு.

தமிழிசை ஆராய்ச்சியின் பெரும் வழக்கொன்றும் இவ்விடைவெளியோடு தொடர்புடையது. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று நரம்புகளுக்கு மாத்திரை வகுத்தனர் முன்னோர், கூட்டினால் 22. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திலே, வட்டம் சமகூறாக வேண்டும் என வாதித்து, 22ஐ மறுத்து 24ஐ நாட்டினார். விபுலாநந்த அடிகளோ 22ஐயே ஏற்று, பின்னக் கணக்கால் அதற்கு நெறி கண்டார். அறிஞரிடையே இவ்வழக்கு இன்றும் முற்றாகத் தீரவில்லை. தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. வட்டத்தின் அழகை நம்புவதா, தந்தியின் ஒலியை நம்புவதா என்னும் வினா எத்துணை ஆழமானது என்பதை ஒரு தளர்ந்த கவராயம் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு உணர்த்திற்று என்பதை மட்டும் கூறுவேன். பிழையான தாளை அவள் அழிக்கவில்லை, கொப்பியில் ஒட்டிவைத்தாள்.

இப்பிள்ளைகளுக்கு அடிகளாரின் பெயர் முன்பே தெரியும். வாவியின் பாடும் மீன்களை அவர் நீரரமகளிராகப் பாடியதும் தெரியும். அன்றுதான் அவர் தமக்கும் ஆசிரியர் என அறிந்தார்கள். வாவியில் எழுந்த இசையைச் செவியாற் கேட்டு மகிழ்ந்தவர், இசை எவ்வாறு பிறக்கிறது என்பதை எண்ணாலும் உருவாலும் ஆராய்ந்தார் என்பது அவர்களுக்குப் பெருவியப்பு. கேத்திரகணிதம் பிறநாட்டிலிருந்து வந்து நம்மை வருத்தும் பாடம் என்ற எண்ணமும் அன்று சற்றே தளர்ந்தது.

யாழ் நூல் 1947ஆம் ஆண்டு யூன் 5, 6ஆம் நாள்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் ஆதரவில், திருஞானசம்பந்தர் திருமுன் அரங்கேறியது. அடிகளாரின் குறிப்புப்படி செய்த முளரி யாழும், சுருதி வீணை முதலிய கருவிகளும் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. அந்நிகழ்ச்சியை எண்ணுந்தோறும் என் உள்ளம் நெகிழும். வாதத்தில் வென்று புகழ் சேர்ப்பதோடு அவர் அமைந்தாரில்லை. கணக்கு மரமாயிற்று, மரம் நரம்பு பூண்டது, நரம்பு சபையில் ஒலித்தது. கட்டிப் பார்த்து, மீட்டிக் கேட்டு, மெய்யென்று கண்ட பின்னரே அறிவு முற்றுப்பெறும் என்பதை அன்று அவர் செய்கையாற் காட்டினார். ஆய்வுகூடத்தில் நின்று கற்பித்தவருக்கு அது இயல்பே.

அப்பொழுதே அவர் உடல் நோயால் நலிந்திருந்தது. அரங்கேற்றம் முடிந்து நாற்பத்து மூன்றாம் நாள், 1947 யூலை 19இல், கொழும்பிலே அவர் இயற்கை எய்தினார். அகவை ஐம்பத்தைந்து. திருவுடல் மட்டக்களப்புக்குக் கொணரப்பட்டு, அவர் கண்ட சிவானந்த வித்தியாலயத்தின் மண்ணிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது. கல்லடியில் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இசை கற்போர்க்கு அவர் பெயரால் ஓர் இல்லம் வாய்த்தது நன்று. கணிதம் கற்போரும் அவரைத் தம்மவர் எனக் கொள்ளும் நாள் வர வேண்டும்.

அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. மட்டையும் ஊசியும் தங்கூசியும் சிரட்டையும் போதும். சென்ற ஆண்டு நினைவுநாளில், மலர் தூவிய பின் என் மாணவரை வாவிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். ஒரு முளையை நட்டு, கயிற்றைப் பூட்டி, ஈர மணலிலே பெரிய வட்டமொன்று வரைந்து, பன்னிரு வீடு பிரித்தோம். ஏழு பிள்ளைகள் ஏழு நரம்புகளாக வட்டத்தில் நின்றனர். துத்தமாக நின்றவன் குரலின் இடத்துக்கு வருமாறு எல்லோரும் ஒருங்கே நகர்ந்தனர், படுமலைப்பாலை பிறந்தது. கரையோரம் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், இது என்ன விளையாட்டென்று வினவினார். விபுலாநந்த அடிகள் கற்பித்த கணக்கு என்று என் மாணவி விடை கூறினாள். அன்று மூடாத விண்மீனை வரைந்தவள் அவளே.